ஹெவ்மோன்ஸ்கியின் மனிதர்கள் ஏன் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

மாடு மேய்க்கப் போன பெண் புல்தரையில் மல்லாந்து படுத்திருக்கிறாள். ஒரு கையைத் தூக்கி, காற்றில் மிதந்து வந்த சிலந்தி நூல் ஒன்றை விரல்களில் பிடித்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். இலையுதிர்காலத்தில் குளிர் இறங்குவதற்கு முன் கொஞ்ச நாள் வெயில் திரும்ப வரும். அப்போது கிழக்கு ஐரோப்பிய வயல்வெளிகளில் இப்படி நூல்கள் பறக்கும். சின்னச் சிலந்திகள் காற்றிலேறி இடம் மாறுவதற்காக விடும் இழைகள் அவை. அவளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு நாய் தூரத்து மந்தையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. இப்போதைக்கு மந்தை அதன் பொறுப்பு. பெண்ணின் கால்களில் செருப்பில்லை. மண்ணும் புழுதியும் அப்பிய கால்கள் நம் கண்ணுக்கு நேராகக் கிடக்கின்றன.

இதுதான் போலந்து ஓவியர் யூஸெஃப் ஹெவ்மோன்ஸ்கி 1875-ல் வரைந்த 'பாபியே லாத்தோ'. அந்த வெயில் நாட்களின் பெயரையே ஓவியத்துக்கு வைத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. வார்சாவில் காட்சிக்கு வந்தபோது பார்த்தவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். கால் அழுக்காக இருக்கிறது, பெண் அநாகரிகமாகப் படுத்திருக்கிறாள், இதையெல்லாம் ஒரு விஷயமென்று வரைய வேண்டுமா என்று கேட்டார்கள். இன்று போலந்தில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்தப் படம் தெரியும். ஆனால் அன்று ஏன் அவ்வளவு எரிச்சல் வந்தது என்பதைப் புரிந்துகொண்டால்தான் ஹெவ்மோன்ஸ்கி என்ன செய்தார் என்பதும் புரியும் என்று நினைக்கிறேன்.

அவர் 1849 நவம்பரில், வோவிச் நகருக்குப் பக்கத்தில் போச்கி என்ற ஊரில் பிறந்தவர். நொடித்துப்போன சிறு நிலக்கிழார் குடும்பம். தந்தை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார், ஊர்த்தலைவராகவும் இருந்தார். ஊர் வழக்குகள் வீட்டு வாசலுக்கே வரும். பின்னாளில், 1873-ல், குளிர்காலத்தில் ஊர்த்தலைவர் வீட்டுமுன் வழக்குக்காகக் கூடி நிற்கும் கூட்டத்தை அவர் வரைந்தார். அந்தக் கூட்டத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவரின் கை அதில் தெரிகிறது.

அவர் வளர்ந்த காலமும் சாதாரணக் காலமில்லை. போலந்து என்ற நாடே அப்போது வரைபடத்தில் கிடையாது. 1772, 1793, 1795 என்று மூன்று தவணைகளில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. ரஷ்யாவின் பங்கில் 1863-ல் எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டது. கிளர்ச்சியை நடத்தியவர்களில் பெரும்பாலோர் மேட்டுக்குடியினர். உழவர்களை அவர்களிடமிருந்து பிரித்துத் தன் பக்கம் இழுக்க ஜார் 1864-ல் ஓர் ஆணை பிறப்பித்தார்: உழுதவர்களுக்கு நிலம் சொந்தம், பண்ணைக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டியதில்லை. அதற்கு முன்புவரை உழவர்கள் வாரத்தில் சில நாட்கள் பண்ணை நிலத்தில் இலவசமாக உழைத்தாக வேண்டும். அது தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது.

ஹெவ்மோன்ஸ்கி அப்போது பதினான்கு வயதுப் பையன். ஐந்து வருடம் கழித்து, ஓவிய மாணவராக இருந்தபோது, சனிக்கிழமை பண்ணையில் வேலையாட்களுக்குக் கூலி கொடுக்கும் காட்சியை வரைந்தார். கூலி கொடுப்பதில் என்ன பெரிய விஷயம் என்று இன்று தோன்றலாம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கூலியே புதுசு என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

வார்சாவில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர் வொய்ச்சேக் கெர்சன். மாணவர்களை அறைக்குள் அடைத்து வைக்காமல் வெளியே அனுப்பிப் பார்க்கச் சொன்னவர். அடுத்து, அன்றைய போலந்து ஓவியர்கள் பலரையும் போல, மியூனிக். யூஸெஃப் பிராண்ட்டும் மக்ஸிமிலியன் கியெரிம்ஸ்கியும் அங்கே இருந்தார்கள். நடுவில் உக்ரைனுக்கும் பொடோலியாவுக்கும் போய்வந்தார். அந்தப் பயணங்கள்தான் அவரை உருவாக்கின என்பேன். முடிவில்லாத சமவெளி, குதிரைச் சந்தைகள், சேற்றில் புதையும் வண்டிகள், மந்தைகள். எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒருமுறை பார்த்ததை வருடக்கணக்காக மறக்காத கண் அவருக்கு. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் உடல் எப்படி மடங்கும் என்பதை நினைவிலிருந்தே வரைவார்.

பாபியே லாத்தோ பிறந்த இடம் வார்சாவின் யூரோப்பெய்ஸ்கி ஹோட்டலின் மேல்தளம். பெயரைக் கேட்டால் வசதியாகத் தெரியும். அங்கே நான்கு நண்பர்கள் சேர்ந்து ஓர் அறையை ஓவியக்கூடமாக வைத்திருந்தார்கள், நால்வரிடமும் காசில்லை. ஹெவ்மோன்ஸ்கி, ஸ்தனிஸ்வாவ் வித்கியேவிச், ஆதாம் ஹ்மியெலோவ்ஸ்கி, அந்தோனி பியோத்ரோவ்ஸ்கி. ஹ்மியெலோவ்ஸ்கியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. பதினெட்டு வயதில் 1863 கிளர்ச்சியில் போரிட்டு ஒரு காலை இழந்தவர். பிறகு ஓவியத்தை விட்டுவிட்டுத் துறவியாகி, கிராக்கோவில் வீடற்றவர்களோடு வாழ்ந்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1989-ல் அவரைப் புனிதராக அறிவித்தது. வித்கியேவிச் எழுத்தாளராகவும் கலை விமர்சகராகவும் ஆனார். தளபதியைப் போர்க்களத்தில் வரைகிறாயா, கிராமத்துப் பெண் கிழங்கு பொறுக்குவதை வரைகிறாயா என்பது முக்கியமே இல்லை, எப்படி வரைகிறாய் என்பதுதான் கேள்வி என்று பின்னாளில் சண்டை போட்டவர். அந்தச் சண்டைக்கான விதை அந்த ஹோட்டல் அறையிலேயே விழுந்திருக்க வேண்டும்.

தளபதி என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நாடு இல்லாத மக்களுக்கு ஓவியம்தான் நாடாக இருந்தது. கிராக்கோவில் யான் மதேய்கோ பழைய வெற்றிகளையும் பழைய தவறுகளையும் சுவர் முழுக்க வரைந்துகொண்டிருந்தார். அந்தப் பழைய வெற்றிகளில் ஒன்றான குருன்வால்ட் போரைக் காட்டும் அவருடைய ஓவியம் 1878-ல் முடிந்தது. உயரம் நாலேகால் மீட்டர், அகலம் ஏறக்குறைய பத்து மீட்டர். அரசர்கள், வாள்கள், குதிரைகள், வீழும் எதிரிகள். ஓவியம் என்றால் இப்படி நெஞ்சை நிமிர்த்த வைக்க வேண்டும் என்று எதிர்பார்த்து வந்த மக்களின் முன்னால் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் அழுக்குக் காலோடு படுத்திருக்கும் மேய்ச்சல்காரியைக் கொண்டுவந்து வைத்தான். அதுவும் மதேய்கோவின் வீரர்களுக்குக் கிடைக்க வேண்டிய அளவுக்கு அவளைப் பெரிதாக வரைந்து.

வார்சாவின் தேசிய அருங்காட்சியகத்தில் குருன்வால்டும் பாபியே லாத்தோவும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. நான் போனபோது முதலில் மதேய்கோவின் முன்னால் நின்றேன். எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள். பார்க்கப் பார்க்க அந்தப் படத்தில் கண் தங்க இடமில்லை, எங்கு திரும்பினாலும் ஒரு முகம் கத்துகிறது. பிறகு ஹெவ்மோன்ஸ்கியின் பெண் முன்னால் போய் நின்றதும் முதலில் தெரிந்தது, அவள் என்னைப் பார்க்கவே இல்லை என்பது. அரண்மனைச் சீமாட்டிகளின் உருவப்படங்களில் கண் நம்மைத் தேடும். கிராமத்து ஏழைகளை வரைந்த அந்தக் காலப் படங்கள் பலவற்றில் ஓர் இரக்கப் பார்வை நம் பக்கம் வரும். இவளுக்கு நாம் வேண்டியதே இல்லை. அவள் கவனம் முழுவதும் அந்த நூலில் இருக்கிறது.

அன்றைய எரிச்சலுக்குக் காரணம் அழுக்குக் கால் மட்டும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அழுக்குக் காலோடு அவள் அறுவடை செய்திருந்தால், குனிந்து கதிர் பொறுக்கியிருந்தால், தலையில் சுமையோடு நடந்திருந்தால் யாருக்கும் பெரிதாக உறுத்தியிருக்காது. உழைக்கும் ஏழையைப் பார்க்க மேட்டுக்குடிக் கண்கள் பழகியிருந்தன. இவள் சும்மா இருக்கிறாள். அவளுடைய பெற்றோர் அநேகமாகப் பண்ணையடிமைகள். உக்ரைன் பயணத்தின் நினைவில் பிறந்த படம் இது; அங்கே அந்த முறை 1861-ல்தான் ஒழிந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண், பட்டப்பகலில், வேலை நேரத்தில், வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஒரு நூலை வைத்து விளையாடுகிறாள். அவளுடைய நேரம் அவளுடையது என்று அந்த ஓவியம் சொல்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிரான்சின் மில்லேயை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. உழவர்களை ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர் என்றால் எல்லோரும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள், சரிதான். 1857-ல் அவர் வரைந்த கதிர் பொறுக்கும் பெண்களைப் பாருங்கள். மூன்று முதுகுகள், இரண்டு முழுதாக வளைந்தவை, ஒன்று பாதி. மாலை மணியோசை கேட்டு நிற்கும் தம்பதியின் தலைகூடக் குனிந்துதான் இருக்கிறது. மில்லேயின் மனிதர்களுக்கு மண்தான் எல்லாம். அவர்கள்மேல் எனக்கு மரியாதை வருகிறது, கூடவே ஒரு பாரமும் இறங்குகிறது. ஹெவ்மோன்ஸ்கியின் மனிதர்கள் நிமிர்கிறார்கள், மல்லாக்கிறார்கள், வாய் பிளந்து மேலே பார்க்கிறார்கள். உழவருக்கும் வியப்பு உண்டு, அது அவருடைய வாழ்க்கையில் ஒரு பகுதி என்று வரைந்தவர் அவர். என்னைப் பொறுத்தவரை மில்லேயிடம் இல்லாதது இது.

மில்லே இறந்தது 1875 ஜனவரியில். அதே வருடம் ஹெவ்மோன்ஸ்கி பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

பாரிஸ் அவரைக் கொண்டாடியது. 1876-ல் சலோன் கண்காட்சியில் அவருடைய படங்கள் பேசப்பட்டன, கூப்பில் என்ற பெரிய ஓவிய வணிக நிறுவனம் வாங்கியது, அமெரிக்கப் பணக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: குதிரை. பனியில், சேற்றில், மூக்கில் ஆவி பறக்கப் பாய்ந்துவரும் கிழக்கத்திய குதிரைகள். அவர் கண்ணை மூடினாலும் வரையக்கூடியது அதுதான். வரைந்தார், விற்றார், மறுபடி வரைந்தார். ஹோட்டல் மேல்தளத்தில் பட்டினி கிடந்தவரிடம் பணம் கொட்டியது.

அந்தக் குதிரைகளின் உச்சம் 1881-ல் வரைந்த 'நாலு குதிரை வண்டி'. இரண்டே முக்கால் மீட்டர் உயரம், ஆறரை மீட்டருக்கும் மேல் அகலம். கிராக்கோவின் பழைய சந்தைக் கட்டடமான சுகியெனித்ஸேவின் மாடியில் இருக்கிறது. நான்கு குதிரைகளும் நேராக நம் மேலேயே வருகின்றன. அதன் முன்னால் நின்றவர்கள் தங்களை அறியாமல் ஓரடி பின்னால் வைப்பதை நானே பார்த்தேன். அது ஒரு சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு வருடப் பாரிஸ் வாழ்க்கையில் வந்த குதிரைப் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஓர் அலுப்பு தட்டுகிறது. அதே பனி, அதே சேறு, அதே சாட்டை. வண்டியில் இருக்கும் மனிதர்கள் வேகத்துக்கு அலங்காரமாகிவிடுகிறார்கள். மேய்ச்சல்காரிக்குக் கிடைத்த நேரம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. விதிவிலக்குகள் உண்டு. 1879-ல் வரைந்த பால்தா குதிரைச் சந்தையில் பேரம் பேசும் கூட்டத்துக்குள் புகுந்து சுற்றிவரலாம். ஆனாலும் சந்தை கேட்டதைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கை என்னவாகும் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். 1887-ல் கிளம்பி ஊருக்கு வந்துவிட்டார்.

1878-ல் நடந்த திருமணமும் நன்றாக அமையவில்லை, மனைவியும் அவரும் பிரிந்தார்கள். 1889-ல் வார்சாவுக்குத் தென்மேற்கே, க்ரோஜிஸ்க் நகரை அடுத்த குக்லூஃப்கா கிராமத்தில் ஒரு சின்ன மரவீட்டை வாங்கிக் குடியேறினார். கடைசிவரை அங்கேதான். பக்தி கூடியது, நகரத்து நண்பர்கள் குறைந்தார்கள், வயல்களில் தனியாக அலைந்தார்.

குக்லூஃப்காவில் ஓவியங்களும் மாறின. குதிரைகளின் வேகம் போய்விட்டது. 1891-ல் வரைந்த கவுதாரிகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். படத்தின் பெரும்பகுதி வெறும் பனி. அடிவானமே தெரியாத வெண்மை. அதற்கு நடுவே, குளிரில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு, ஒன்றையொன்று ஒட்டியபடி ஒரு கவுதாரிக் கூட்டம் நடந்துபோகிறது. இறகுகள் காற்றுக்கு எதிராகச் சிலிர்த்திருக்கின்றன. இரை தேடிப் போகிறது அந்தக் கூட்டம். இருபது வருடம் முன்பு கெர்சனின் மாணவராக இருந்தபோதே பனிமூட்டத்திலிருந்து கொக்குகள் கிளம்பிப் போவதை வரைந்தவர்தான். பறவைகள் அவருக்குப் புதிதில்லை. ஆனால் இந்தக் கவுதாரிகளிடம் மேய்ச்சல்காரியிடம் காட்டிய அதே மரியாதையைக் காட்டியிருக்கிறார். கிட்டே போய்த் தொந்தரவு செய்யாத மரியாதை.

பிறகு 1900-ல் 'நாரைகள்' வந்தது.

வசந்தகாலம். ஓர் உழவர் வேலையை நிறுத்திவிட்டுப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். சாப்பாடு கொண்டுவந்த மகன் பக்கத்தில் நிற்கிறான். பின்னால் உழவு மாடுகள், அதற்கும் பின்னால் வைக்கோல் கூரை வேய்ந்த வீடுகள். ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் நாரைக் கூட்டம் வானத்தில் போகிறது. தமிழில் செங்கால் நாரை என்று நாம் சொல்லும் அதே பறவைதான். அப்பாவும் மகனும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்க்கிறார்கள். சாப்பாடு மடியிலேயே இருக்கிறது, கை நின்றுவிட்டது. இருவருக்கும் வெறுங்கால். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு வாங்கிய வசவு ஓவியருக்கு நன்றாகவே நினைவிருந்திருக்கும். கால்களைக் கழுவிவிடவில்லை.

போலந்துக் கிராமங்களில் நாரை வருவது சாதாரணச் செய்தியல்ல. பழைய வண்டிச் சக்கரத்தைக் கூரைமேல் பொருத்தி, அதில் கூடு கட்டச் சொல்லி அழைப்பார்கள். கூடு கட்டினால் வீட்டுக்கு நல்லது என்று நம்பிக்கை. வருடத்தின் முதல் நாரையைப் பறக்கும்போது பார்ப்பது நல்ல சகுனம். இந்த உழவர் அண்ணாந்து பார்ப்பதில் அழகை ரசிப்பது மட்டும் இல்லை, குளிர்காலம் போய்விட்டது, பிழைத்துவிட்டோம் என்ற கணக்கும் இருக்கிறது. பையனுக்கு அந்தக் கணக்கு இன்னும் தெரியாது. அவன் முகத்தில் வெறும் ஆச்சரியம். ஒரே பறவையை இருவரும் இரண்டு விதமாகப் பார்ப்பதை இரண்டு கழுத்துகளின் சாய்வில் கொண்டுவந்துவிட்டார் ஹெவ்மோன்ஸ்கி. இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இவர் கிராமத்தை அழகுபடுத்திவிட்டார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. நிலம் கிடைத்தும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் கொடுத்துத் துண்டாகிப்போன காலம் அது. உழவர் குடும்பங்கள் கப்பலேறி அமெரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பசி நாரைகள் படத்தில் எங்கே? அலெக்சாந்தர் கியெரிம்ஸ்கி, மேலே சொன்ன மக்ஸிமிலியனின் தம்பி, 1890-களின் நடுவில் உழவர் வீட்டுச் சவப்பெட்டியை வரைந்தார். குடிசைச் சுவரோரம் பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் பிள்ளைக்கான பெட்டி. அதன் முன்னால் நின்றால் பேச்சு வராது. ஹெவ்மோன்ஸ்கியால் அதை வரைந்திருக்க முடியாது, நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தச் சவப்பெட்டியை வரைந்த கண்ணுக்கு நாரையைப் பார்க்கும் உழவர் தெரிந்திருக்க மாட்டார் என்றும் சொல்வேன். ஏழையின் துக்கத்தை வரைந்தவர்கள் நிறையப் பேர். அவருடைய மகிழ்ச்சியைத் திருவிழா ஆட்டமாக, சாராயக்கடைக் கூத்தாக வரைந்தவர்களும் உண்டு, ஹெவ்மோன்ஸ்கியே வரைந்திருக்கிறார். யாரும் பார்க்காதபோது, சாப்பாட்டுக்கு நடுவில், ஒரு நொடி தன்னை மறந்து நிற்கும் உழவரை இத்தனை மதிப்போடு வரைந்தவர்கள் குறைவு. அது பொய்யான அழகு என்றால் அந்தக் கால்களில் அழுக்கு இருந்திருக்காது.

1914 ஏப்ரலில் குக்லூஃப்காவில் இறந்தார். நான்கு மாதத்தில் உலகப்போர் வந்தது. அவர் பிறந்த வோவிச் பக்கத்து வயல்கள் ஜெர்மானிய, ரஷ்யப் படைகளின் பதுங்குகுழிகளாயின. 1915 ஜனவரி கடைசியில் அருகிலிருந்த பொலிமுஃப் என்ற இடத்தில் ஜெர்மானியர்கள் நச்சுப்புகைக் குண்டுகளை வீசிப் பார்த்தார்கள். போர் முடிந்த 1918-ல்தான் போலந்து மறுபடி ஒரு நாடானது.

அண்மையில், 2024-ல், வார்சா தேசிய அருங்காட்சியகம் அவருடைய ஓவியங்களைப் பெரிய அளவில் திரட்டிக் கண்காட்சி வைத்தது. பிறகு அது போஸ்னானுக்கும் கிராக்கோவுக்கும் போனது. அதைத் தவறவிட்டவர்களுக்கும் கவலையில்லை. மேய்ச்சல்காரி, கவுதாரிகள், நாரைகள் மூன்றும் வார்சா அருங்காட்சியகத்தின் சொந்தப் படங்கள், அதன் இணையச் சேகரிப்பில் பெரிதாக்கியும் பார்க்கலாம். நாரைகளிலிருந்து தொடங்குங்கள் என்பது என் யோசனை. மேய்ச்சல்காரியை முதலில் பார்த்தால் அழகான பெண் ஒருத்தி ஓய்வெடுக்கிறாள் என்று கண் கடந்துபோகக்கூடும். நாரைகளில் வயதான உழவரின் கழுத்தைப் பார்த்துவிட்டு அவளிடம் போனால், அவள் கையிலிருக்கும் நூலைத்தான் கண் முதலில் தேடும்.